ஒற்றை விரல் வணக்கம்

அத்தியாயம் 9

காலை பத்தரை மணிக்கு மோட்டல் முற்றத்தில் கார் ஹார்ன் அலறியது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

நோலீன் கையிலிருந்த தேநீர் சாசரில் சிந்தியது. ஷோனா திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். அறை வாசலில் வெள்ளை நிற வாடகைக் கார் ஒன்று, பாதி கான்கிரீட்டிலும் பாதி புல்லிலுமாக நின்றிருந்தது. உள்ளே அவள் அப்பா மர்ரே. தலையில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி.

"எடுத்துட்டாரு," என்றாள் ஷோனா.

"எதை?"

"காரை."

நோலீன் கோப்பையைக் கீழே வைத்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து காலணிகளைத் தேட ஆரம்பித்தாள்.

மூன்று நாளாக இந்தக் குடும்பத்தில் ஒரே பேச்சு. மர்ரேக்கும் நோலீனுக்கும் கல்யாணமாகி ஐம்பது வருடம். அதைக் கொண்டாட, தீவின் தென்கோடியில் இருக்கும் தங்கள் ஊரிலிருந்து விமானம் ஏறி கிரைஸ்ட்சர்ச் வந்தாயிற்று. நாளைக்கு மலையைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போக வேண்டும். அங்கே ஹோகிடிகாவில், தேனிலவுக்குத் தங்கிய அதே கடற்கரைத் தெருவில், அறை தயார். எப்படிப் போவது என்பதுதான் தகராறு.

நோலீனுக்கு ரயில். பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த மலை ரயில். மூன்று இருக்கைகளைச் சொல்லி வைத்திருந்தாள். இன்று மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

மர்ரேக்குக் கார். ஐம்பது வருடத்துக்கு முன்னால் இரவல் காரில் புதுப்பெண்டாட்டியை அந்தக் கணவாய் வழியாக அழைத்துப் போனவர் அவர். எவனோ ஓட்ட, தான் மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பயணமே அல்ல, அது பார்சல் என்பது அவர் கட்சி.

ஆளுக்கு ஓர் ஓட்டு. மூன்றாவது ஓட்டு ஷோனாவுடையது. ஆரம்பப் பள்ளி ஆசிரியை, நாற்பத்து நாலு வயது, இரண்டு வாரப் பள்ளி விடுமுறையைப் பெற்றோருக்குக் கொடுத்துவிட்டு, வகுப்பறையைவிட மோசமான சண்டையில் மாட்டிக்கொண்டவள்.

அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ரயிலின் கடைசி ஸ்டேஷன் கிரேமவுத். அவள் தம்பி கிராண்ட் இப்போது அங்கேதான் இருக்கிறான். கார் என்றால் கிரேமவுத்தைத் தொடாமலே கடற்கரையில் தெற்கே திரும்பி ஹோகிடிகா போய்விடலாம். ஆக, அம்மாவுக்கு வேண்டியது ரயில் அல்ல, மகன். அப்பாவுக்கு வேண்டியது கார் அல்ல, மகன் முகத்தில் விழிக்காமல் இருப்பது. இப்படித்தான் ஷோனா கணக்குப் போட்டிருந்தாள்.

ஏப்ரலில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்துப் பண்ணை யூவனின் நாய் டெஸ், ஐந்து வருடம் பழக்கி எடுத்த, ஆடு மேய்க்கும் நாய், ஒரு சாயங்காலம் சாலையில் அடிபட்டுக் கிடந்தது. மறுநாள் காலை கிராண்டே போய் யூவனின் கதவைத் தட்டினான். அப்பாவின் பிக்கப் வண்டியை ஓட்டிப்போனது தான்தான், நாயை அடித்துவிட்டு நிற்காமல் வந்ததும் தான்தான் என்று சொன்னான்.

அடித்ததைக்கூட மன்னித்திருப்பார்கள். நிற்காமல் வந்ததை மன்னிக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்க வேண்டும். கையை முழுக்க ஆட்டினால் ஊருக்குப் புதுசு. விரலைத் தூக்காவிட்டால் பகை. நாய் செத்த பிறகு கிராண்டுக்கு யாரும் விரல் தூக்கவில்லை. யூவன் தூக்கவில்லை, பால் வண்டிக்காரர் தூக்கவில்லை, பள்ளி பஸ் ஓட்டும் பெண்மணி தூக்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் ஊரை விட்டே போனான். மர்ரே பண்ணையைக் குத்தகைக்கு விட்டார். அன்றிலிருந்து அவர் வாயில் மகன் பெயர் வந்ததில்லை.

நோலீன் ஒரு காலணியோடு முற்றத்துக்கு வந்து, காரின் முன்கதவைத் திறந்தாள்.

"நீ வேணாம், நோலீன்," என்றார் மர்ரே. "நானும் பொண்ணும் மட்டும் மலையடிவாரம் வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வர்றோம். அவ பாத்துட்டு ஓட்டுப் போடட்டும்."

"நான் முன்னால உக்காந்தாதான் நீ ஓட்டுவ."

"இன்னைக்கு நீ இல்லாம ஓட்டுறேன்."

நோலீன் கதவை விடவில்லை. ஷோனாவுக்கு எரிச்சலாக இருந்தது. காரில் உட்கார்ந்தால் அம்மாவுக்கு வாய் ஓயாது என்பது ஊருக்கே தெரியும். இதோ யூவன் வர்றான், பின்னால பால் லாரி, வளைவுல ஆடு நிக்குது, தபால்பெட்டி தாண்டி பள்ளம் இருக்கு. இப்படியே போகும். 'ரேடியோ நோலீன்' என்பது கிராண்ட் வைத்த பெயர்.

"விடும்மா," என்றாள் ஷோனா. "ரேடியோவுக்கு இன்னைக்கு லீவு. மனுஷன் ஒரு நாளாவது நிம்மதியா ஓட்டட்டும்."

நோலீன் கணவனைப் பார்த்தாள். அவர் நேராகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் ஒதுங்கி, மகள் ஏறி உட்கார வழிவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு ஜன்னலில் குனிந்தாள்.

"அப்ப நீ பேசிட்டே போ. வழியில எது வந்தாலும் சொல்லிட்டே போ. உங்கப்பாவுக்குப் பேச்சு இல்லாம ஓட்டிப் பழக்கமில்ல."

ஷோனா சிரித்தாள்.

ஊரைத் தாண்டும் வரைக்கும் மர்ரே ஒரு நகரப் பேருந்தின் பின்னாலேயே போனார். முந்துவதற்கு இரண்டு இடத்தில் வழி இருந்தும் முந்தவில்லை. பேருந்து நின்றால் நின்றார், கிளம்பினால் கிளம்பினார். அப்பா இவ்வளவு பொறுமைசாலியாகிவிட்டாரே என்று ஷோனா நினைத்துக்கொண்டாள்.

பிறகு சமவெளி. நேர் கோடாகச் சாலை. இரண்டு பக்கமும் பைன் மர வேலி, அதற்கப்பால் குட்டி போட்ட ஆடுகள், வெகு தூரத்தில் வெள்ளை உச்சியோடு மலைகள். காருக்குள் சத்தமே இல்லை. அம்மா இல்லாத காரில் போவது எவ்வளவு சுகம் என்று அவளுக்குத் தோன்றியது. காருக்கே ஓட்டுப் போட்டுவிடலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டாள்.

சாலையோரப் புல்லில் யாரோ குதிரை ஏற்றும் டிரெய்லரைக் கழற்றி நிறுத்தியிருந்தார்கள். முன்னால் வண்டி இல்லை. பக்கத்தில் ஆள் இல்லை.

மர்ரே அதற்கு விரலைத் தூக்கினார்.

ஷோனா சிரித்தாள். டிரெய்லருக்கெல்லாம் மரியாதையா என்று கேட்டாள். அவர் ஒரு கணம் கழித்துத் தானும் சிரித்தார்.

ஒரு மைல் தள்ளி எதிரே சிவப்பு பிக்கப் ஒன்று வந்தது. ஓட்டிவந்த பெண் விரலைத் தூக்கினாள். மர்ரேயின் விரல் ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

ஷோனாவின் சிரிப்பு நின்றது.

அப்பாவை அவளுக்குத் தெரியும். மாமனாரின் சவ ஊர்வலத்துக்கு வண்டி ஓட்டிப்போனபோதும் எதிரே வந்த ஒவ்வொருவருக்கும் விரல் தூக்கியவர். வரப்பு வழக்கில் எட்டு வருடம் பேசாமல் இருந்த பங்காளிக்கும் தூக்கியவர். கோபம் வேறு, சாலை வேறு என்பார்.

அதன் பிறகு அவள் மலையைப் பார்க்கவில்லை. அப்பாவின் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு நீலக் கார் போனது. ஒரு வைக்கோல் லாரி போனது. லாரி பக்கத்தில் வந்து காற்று அடித்த பிறகுதான் விரல் எழுந்தது. அப்போது எதிரே யாரும் இல்லை.

ஷெஃபீல்டில் பேக்கரிக்கு நிறுத்தினார்கள். சுவரில் ஆள் உயரத்துக்குப் பலகை, அதில் இருபது வகை 'பை', மாவுக்குள் கறியோ மீனோ வைத்துச் சுட்டது. நாற்பது வருடமாகக் கொத்துக்கறியும் சீஸும் வைத்ததைத் தவிர வேறு தொடாத மனிதர், பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கவுண்டர்ப் பெண் இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

"பொண்ணு எது வாங்குறாளோ அதே," என்றார்.

ஷோனா வேண்டுமென்றே மீன் வைத்ததை வாங்கினாள். மர்ரேக்கு மீன் ஆகாது. ஒரு கடி கடித்துவிட்டு, எதுவும் சொல்லாமல், முழுவதையும் தின்று முடித்தார். அவளுடையது அப்படியே காகிதத்தில் ஆறிப்போயிற்று.

இத்தோடு திரும்பிவிடலாம் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் அவளிடம் இன்னும் தயாராக இல்லை. ஆகவே மறுபடியும் காரில் ஏறினாள்.

நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் சாலை. ஆற்றின் மேல் ஒற்றை வழிப் பாலம். இந்தப் பக்கத்துப் பலகையில் சிவப்பு அம்பு, அதாவது நாம்தான் நின்று வழிவிட வேண்டும். பாலத்தின் பாதியில் ஒரு பால் டேங்கர், பின்னால் இன்னொரு டேங்கரை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

மர்ரே வேகத்தைக் குறைக்கவில்லை.

"அப்பா, டேங்கர்."

அவர் தலையை லேசாகப் பக்கவாட்டில் திருப்பினார். கோழி பார்ப்பது மாதிரி.

"அப்பா, நில்லுங்க."

நின்றார். காரின் மூக்கு பாலத்துக் கைப்பிடிக்கு நேராக நின்றது. டேங்கர்க்காரர் ஒலிப்பானை அழுத்திப் பிடித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்து, கடைசி நிமிடத்தில் சக்கரத்தை ஒடித்துத் தாண்டிப் போனார். போகிற போக்கிலும் விரலைத் தூக்கினார். பழக்கம்.

பின்னால் இரண்டு கார்கள் வந்து நின்றுவிட்டன. இந்தப் பக்கம் ஒதுங்க இடமில்லை. போய்த்தான் ஆக வேண்டும்.

"பாலம் காலியா இருக்கு. மெதுவாப் போங்க. நேரா. இன்னும் நேரா. முடிஞ்சிருச்சு, இனி லேசா இடது பக்கம் வளைவு," என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். தன் குரல் அம்மாவின் குரல் மாதிரியே இருப்பது அவளுக்கே கேட்டது. மர்ரே அவள் சொன்னபடி, பிசகாமல், அழகாக ஓட்டினார்.

பாலத்துக்கு அப்பால் சாலை வெறிச்சென்று கிடந்தது. பின்னால் வந்த கார்கள் முந்திப் போய்விட்டன. கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றுமில்லை.

ஷோனா அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பச்சை பிக்கப் ஒன்னு வருதுப்பா. தாத்தா ஒருத்தர் ஓட்டிட்டு வர்றார்."

மர்ரேயின் ஆள்காட்டி விரல் எழுந்தது. வழக்கமான உயரம், வழக்கமான நிதானம்.

சாலையில் யாரும் வரவில்லை. யாரும் கடக்கவில்லை. ஓசை இல்லை, காற்று இல்லை. அந்த விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. அவருக்குப் புரிந்துவிட்டது.

அவள் சொல்லாமலே, புல்தரை தெரிந்த இடத்தில் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்தார்.

"எப்ப இருந்துப்பா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நேரா பாத்தா நடுவுல ஒரு புகை. ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. நடுவுலதான் ஒன்னுமில்ல."

டாக்டரைப் பார்க்கவில்லையா என்று கேட்டாள். நவம்பரில் பார்த்தே ஆக வேண்டும் என்றார். எழுபத்தைந்து முடிகிறது. லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்து வேண்டும். போட மாட்டார். அதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தக் கணவாயை நோலீனோடு தாண்டிவிட வேண்டும் என்று நினைத்தார். தெரியாத ஊர், தெரியாத சாலை, நோலீன் முடியாது என்றாள். அவள் வாய் இல்லாமலே முடிகிறதா பார்க்கலாம் என்றுதான் இன்றைக்கு வண்டியை எடுத்தார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

மர்ரே முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்காமல், காதோரமாக எங்கோ பார்த்தார். அப்படிப் பார்த்தால்தான் அவருக்கு முகம் தெரியும் என்பது இப்போது அவளுக்கு விளங்கியது.

"உங்கம்மா எதுக்கு வாய் ஓயாம பேசுறான்னு நெனச்சே?"

இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அவள் கண்முன் போயின. பின்சீட்டில் உட்கார்ந்து அம்மாவைக் கேலி செய்தது, காதில் பஞ்சை வைத்துக்காட்டியது, எல்லாம்.

பிறகு இறங்கி, காரைச் சுற்றி வந்து, ஓட்டுநர் கதவைத் திறந்தாள். மர்ரே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்திருந்தார். வாடகைச் சீட்டில் என் பெயர்தான் இருக்கிறது, வேறு ஆள் ஓட்டக்கூடாது என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். ஷோனா அங்கேயே நின்று வாடகை ஆபீசுக்குப் போன் செய்தாள். தன் லைசென்ஸ் எண்ணைச் சொல்லி, சீட்டில் பெயரைச் சேர்க்க வைத்தாள். அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் மர்ரே பக்கத்துச் சீட்டில் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் எதிரே வந்த எல்லோருக்கும் ஷோனா விரலைத் தூக்கினாள். ஒவ்வொரு தடவையும், "சிவப்புக் கார், பொம்பளை ஆளு," "ஆட்டு லாரி, சின்னப் பையன்," என்று சொன்னாள். மர்ரே பக்கத்துச் சீட்டிலிருந்து தானும் தூக்கினார்.

மோட்டலுக்கு வந்தபோது மணி நாலரை. நோலீன் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருப்பாள் போலிருந்தது. ஸ்டியரிங்கில் மகளைப் பார்த்தாள். பக்கத்தில் கணவனைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்த் தேநீருக்குக் கெட்டிலை வைத்தாள்.

மர்ரே உள்ளே வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். தேநீரை ஊற்றும்போது நோலீன்தான் ஆரம்பித்தாள்.

"நான் ரயில்னு ஏன் சொன்னேன்னு இப்பவாவது தெரியுதா? ரயில்ல நேரா பாக்க என்ன இருக்கு, முன் சீட்டு முதுகு. மலையெல்லாம் ஓரத்துலதான் வரும். அந்த ஓரம் உங்கப்பாவுக்கு இன்னும் நல்லாத் தெரியும். அதுவும் போறதுக்குள்ள காட்டிரணும்னு பாத்தேன்."

மர்ரே கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கிராண்டைப் பாக்கத்தான் ரயில் கேக்குறேன்னு நெனச்சேன்மா," என்றாள் ஷோனா.

"அதுவும்தான்," என்றாள் நோலீன். "நான் என்ன கல்லா?"

கிராண்ட் என்ற பெயர் இந்த நாலு மாதத்தில் மர்ரேயின் காது கேட்க யாரும் சொல்லாதது. இருவரும் அவர் எழுந்து வெளியே போவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் போகவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஷோனா ரயில் ஆபீஸ் எண்ணை அழுத்தினாள். எதிர்முனையில் ஒரு பெண் இனிமையாகப் பெயரைக் கேட்டாள், தேதியைக் கேட்டாள். நாளைக் காலை கிரேமவுத்துக்கு மூன்று இருக்கை, வியாழக்கிழமை திரும்ப மூன்று இருக்கை, சரிதானே என்று கேட்டாள்.

"சரி," என்று சொல்ல ஷோனா வாயைத் திறந்தாள்.

"போறதுக்கு மூனு," என்றார் மர்ரே கட்டிலிலிருந்து. "திரும்பி வர்றதுக்கு நாலு போடச் சொல்லு."

ஷோனா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். நோலீன் கெட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவன் வரமாட்டாம்ப்பா. வந்தாலும் யூவன் அவனை விடுவாரா?"

மர்ரே தலையைச் சற்றே சாய்த்து, ஓரக்கண்ணால் மனைவியின் முகத்தைத் தேடினார்.

"யூவன்கிட்ட நான் பேசிக்கிறேன். டெஸ் அடிபட்ட அன்னைக்கு என் வண்டியில நான் மட்டும்தான் இருந்தேன். கிராண்ட் இல்லவே இல்ல, நோலீன்."